மிதிக்காத கால்

ஒருவருடைய கழுத்துக்கு மேலே காலைத் தூக்கியவர், மிதிக்காமல் இறக்கிக்கொண்டால் அது இரக்கமா, வஞ்சமா? துணி துவைக்கும்போது ஒரு பதில் கிடைக்கிறது. அதே துணியைக் கொடியில் போடும்போது அது தப்பு என்று தோன்றிவிடுகிறது.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் என் கணவருக்கு ஊர் முறையில் அத்தை. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மிதிக்கிறம்மா' என்றால்தான் தெரியும். வயதில் பெரியவர், கணவர் வழி உறவு, அதனால் 'அவர்' என்றே எழுதுகிறேன். மனசுக்குள் நான் அவரைச் சொல்வது வேறு மாதிரி. என் கணவரை 'இவர்' என்று எழுதுகிறேன். பேசும்போதும் அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பக்கம், பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. இந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் தெரியாதவர்கள் நாட்டில் இல்லை. அதைப் பற்றி எழுத எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது ஒரு பெண்மணியின் இடது காலைப் பற்றி.

அத்தை கால் முன்னால் பிறந்தவர். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும், பிடிப்பு விடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற விஷயம். அப்படிப் பிறந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். வீட்டு மனிதர்களுக்கு இடுப்பில் ஒரு மிதி மிதிப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். அத்தைக்கு அது முழு உத்தியோகம். வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலையில், வெறும் வயிற்றில். மிதிக்கிறவரும் சாப்பிட்டிருக்கக் கூடாது, படுக்கிறவரும் சாப்பிட்டிருக்கக் கூடாது. முன்பெல்லாம் நாற்று நட்டு இடுப்புப் பிடித்தவர்கள் வருவார்களாம். நான் கல்யாணமாகி வந்தபோது கம்பெனி ஆட்கள்தான் அதிகம். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ரோட்டில் இறக்கிவிட்டதும், நீலச் சட்டையும் டிபன் பையுமாக நேராக அவர் வீட்டுத் தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். மெஷினைப் பார்த்துக் குனிந்தே நின்ற கழுத்துகள்.

தோட்டத்தில் ஒரு கொய்யா மரம், அதன் கீழே ஒரு கோரைப்பாய். முதலில் தன் கட்டைவிரலை நீட்டி, "புடி. அயுத்திப் புடி" என்பார். வலது கையால் ஒரு முறை, இடது கையால் ஒரு முறை. அது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "பயம் போவறதுக்கு. வேற இன்னாத்துக்கு?" என்றார். பிறகு ஆளைக் குப்புறப் படுக்கச் சொல்வார். கொய்யாக் கிளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடது குதிகாலை வலிக்கிற இடத்தில் வைப்பார். வலது கால் தரையிலிருந்து எழும்பும். கிளை வளையும். கனத்தில் பாதி கிளைக்கும் பாதி படுத்திருப்பவர் முதுகுக்கும் போகும். 'ஹக்' என்று ஒரு சத்தம் வரும், ஆளிடமிருந்தா எலும்பிலிருந்தா என்று சொல்ல முடியாது. எழுந்தவர் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சின்னப் பையன் மாதிரி சிரிப்பார்.

அந்தக் குதிகாலில் ஒரு வெடிப்புக் கிடையாது. தினமும் விளக்கெண்ணெய் தடவி செங்கல்லில் தேய்த்து வைத்திருப்பார். இரண்டாவது விரலில் தடிமனான வெள்ளி மெட்டி. மிதித்ததற்குக் கூலி வாங்க மாட்டார், வாங்கினால் கால் செத்துவிடும் என்பார். அவர் வாங்கியது மரியாதை மட்டும்தான். அதில் ஒரு பங்கு குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

எனக்கும் மிதித்திருக்கிறார். காஞ்சிபுரத்தில் வீட்டுக்குள் குழாய் வைத்த வீட்டில் வளர்ந்தவள் நான். பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும் படித்தவள். இங்கே வந்த புதிதில், மற்ற மருமகள்களுக்குச் சளைத்தவள் இல்லை என்று காட்ட, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் தண்ணீர் தூக்கி, கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. அத்தை என் கழுத்தில் கால் வைத்ததே தெரியவில்லை. ஏதோ பூனை ஏறி இறங்கியது மாதிரி இருந்தது. எழுந்ததும், "படிச்ச பொண்ணு, தலைக்குள்ள தான் ஏதோ கீதே, மேல இன்னாத்துக்கு ஏத்தற?" என்றார். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதினால் நியாயமாகாது.

ஆனால் அவர் எதையும் மறக்க மாட்டார். அதுதான் அவர்.

பக்கத்து நிலத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு முடித்துக் கொடுத்த ஒரு புரோக்கர், அத்தை எருமைக்குத் தண்ணீர் காட்டப் போகிற வழியையும் சேர்த்து வேலி போட்டுவிட்டார். அத்தை சண்டை போடவில்லை. சுற்று வழியாக எருமையை ஓட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான். எத்தனையோ மாதம் கழித்து அந்தப் புரோக்கர் கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்து நின்றார். மோட்டார் பைக்கை வேறு யாரோ ஓட்டி வந்தார்கள். "வாங்க, வாங்க, படுங்க" என்று மரியாதையாகப் படுக்க வைத்தார் அத்தை. படுக்க வைத்துவிட்டு எருமையை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினார். அதே சுற்று வழி. தண்ணீர் காட்டி, குளிப்பாட்டி, மேயவிட்டு அவர் திரும்பி வரும்வரை அந்த ஆள் வெயிலில் குப்புறக் கிடந்தார். கோழிகள் அவர் முதுகின் மேல் ஏறி இறங்கின. அத்தை வந்து ஒரே மிதியில் சரியாக்கினார். அவர் எழுந்து கும்பிட்டபோது, "வழி கொஞ்சம் தூரங்க, அதான் லேட்டாயிட்ச்சி" என்றார். மறுவாரம் வேலி பிரிந்தது.

இன்னொரு அம்மாள், அத்தை ஊற்றும் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று எப்போதோ யாரிடமோ சொன்னவள். அவளுக்கு இடுப்புப் பிடித்தபோது மிதித்து முடித்து, எல்லோருக்கும் முன்னால் ஒரு சொம்புப் பாலை நீட்டி, முழுவதையும் குடித்த பிறகுதான் அனுப்பினார். "தண்ணியா கீதா, கெட்டியா கீதா? நல்லா பாத்து சொல்லு" என்று ஒவ்வொரு மடக்குக்கும் கேட்டார்.

இதையெல்லாம் கேட்டு நானும் சிரித்தவள்தான். எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் கழுத்து பிடித்து அவர் முன்னால் குப்புறப் படுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் அவர் வஞ்சத்துக்கு அவசரமே கிடையாது.

எங்கள் கதை கம்பெனியின் பாதுகாப்பு வாரத்தில் ஆரம்பித்தது. இவர் ஐ.டி.ஐ. முடித்து, ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், படமும் வரைவார். பாதுகாப்பு வாரத்தில் கேட் பக்கத்து போர்டில் வாசகம் எழுதும் போட்டி. மிதி வாங்கப் போய் விலா எலும்பில் அடிபட்டு லீவு போட்ட ஒருவரை மனதில் வைத்து, கலர் சாக்பீஸில் இவர் எழுதினார்: 'கழுத்து உன் சொத்து. அதை அடுத்தவர் காலடியில் வைக்காதே.' கீழே ஒரு படம். குப்புறப் படுத்த மனிதன், அவன் கழுத்துக்கு மேல் ஒரு பெரிய கால். அந்தக் காலில், இரண்டாவது விரலில், ஒரு தடிமனான மெட்டி. பெண்ணின் கால் என்று தெரிவதற்காக மெட்டி போட்டேன் என்று இவர் பிற்பாடு சொன்னார். வேறு எத்தனையோ விதமாகக் காட்டியிருக்கலாம்.

முதல் பரிசு கிடைத்தது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

அந்த வாரம் நான் ஸ்ரீபெரும்புதூர் போவதற்காக கம்பெனி கேட் எதிரில் பஸ்ஸுக்கு நின்றேன். அத்தையும் வந்து நின்றார். போர்டைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படம் தெரியுமே.

"இது யாரு காலு?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

"எனக்குத் தெரியுது. எய்த்த மட்டும் படி."

பெரியவர்கள் கேட்டால் செய்துவிடுவது என் பழக்கம். படித்தேன். "இன்னொரு தபா" என்றார். மறுபடியும் படித்தேன். அவர் உதடுகள் மெல்ல அசைந்து அந்த வார்த்தைகளை வாங்கிக்கொண்டன. "நல்லா எய்திக்கிறான். பொட்டி குடுத்தாங்களாமே, சோறு எடுத்துனு போறதுக்கு? தெனமும் அதுலயே எடுத்துனு போவச் சொல்லு" என்றார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரிக்காய் விலை பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தார். நான் கர்ப்பமானதும் மாங்காய் கொண்டுவந்தார். அந்தக் கீரையை உருவும்போதெல்லாம் நான் ஒவ்வொரு காம்பாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கீரையில் ஒன்றும் இருக்காது.

பிறகு இவருக்கு வலி வந்தது. வார்ப்பு இரும்பு ஒன்றைத் தூக்கி லேத்தில் மாட்டும்போது, தலையைக் குனிந்தால் பின்னால் முட்டிக்கொண்டு தெரிகிற எலும்பு இருக்கிறதே, கழுத்து முடிந்து முதுகு ஆரம்பிக்கிற இடம், அங்கே சுரீர் என்றதாம். வாயு என்று நினைத்தோம். பிறகு வலி தோள்பட்டைக்கு நடுவில் இறங்கியதும் நெஞ்சு வலியோ என்று நான் பயந்து செத்தேன். கம்பெனி டிஸ்பென்சரியில் தைலமும் மாத்திரையும் கொடுத்தார்கள். சில வாரத்தில் வலது கை சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டேன். ஸ்பேனர் பிடிக்க முடியாத ஆளை லைனில் வைத்திருக்க மாட்டார்கள் என்று பயந்து இவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. லேத் போய்விட்டால் இவருக்கு வேறு எதுவும் தெரியாது. என் வயிற்றில் ஆறு மாதம்.

நான்தான் அத்தையிடம் போய்க் கேட்டேன். இவர் வேண்டாம் என்றார். நான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை கேட்டதும் உடனே, "ஞாயித்துக்கெயம இட்டுகினு வா. வெறும் வயித்தோட" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் நல்ல கூட்டம். பாதிப் பேர் இவருடைய லைனில் வேலை செய்கிறவர்கள்.

"போர்டு எய்தறவரு வந்துகிறாரு, வழி வுடுங்க" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

கட்டைவிரலை நீட்டினார். இவர் வலது கையால் பிடித்தார். "இன்னும்" என்றார். "அவ்வளவுதான் அத்தை" என்றார் இவர். அத்தை இவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டச் சொன்னார். படுக்கச் சொன்னார்.

இவர் குப்புறப் படுத்ததும் அத்தை கிளையைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கி, அந்த எலும்புக்கு மேலே நிறுத்தினார்.

"போர்டுல இன்னா எய்தின, சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

இவர் முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டார்.

"மறந்துட்ச்சா? உன் பொண்டாட்டி நல்லா படிப்பா, அவள சொல்லச் சொல்லட்டா?"

இவர் பாயில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னார்.

"பாய்க்கிட்ட சொல்றியா, எங்கிட்ட சொல்றியா?"

இவர் முகத்தைத் தூக்கி, சத்தமாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னார். கழுத்து உன் சொத்து. அதை அடுத்தவர் காலடியில் வைக்காதே. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நான் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளையட்டும், வளையட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளை வளையவில்லை. அத்தை காலைக் கொண்டுபோய்ப் பாய்க்கு வெளியே தரையில் வைத்தார்.

"எய்ந்திரு. நீதான எய்தின? வைக்காதன்னு. வைக்காத. போ."

நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். வலி தாங்க முடியவில்லை, நீங்கள்தானே வரச்சொன்னீர்கள் என்றேன். அத்தை என் வயிற்றைப் பார்த்தார். "நீ வெய்யில்ல நிக்காத, வூட்டுக்குப் போ" என்றார். அடுத்த ஆளைப் பார்த்து விரலை நீட்டினார்.

சாயங்காலத்துக்குள் கதை கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டது. இவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: இனி என் கழுத்தை நான் யாரிடமும் காட்டமாட்டேன். டிஸ்பென்சரி டாக்டரிடமும் போகவில்லை. நான் எவ்வளவோ சொன்னேன், அழுதேன், சாப்பிடாமல் இருந்தேன். வாரங்கள் போயின. மாதங்களும் போயின. என் மகள் பிறந்த பிறகு ஒருநாள் ஸ்பேனர் கையிலிருந்து நழுவி இவர் பாதத்திலேயே விழுந்தது. அப்போதுதான் கம்பெனியில் தெரிந்து பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே படம் எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் இதையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அங்கிருந்த ஒருவர் தாம்பரத்தில் ஒரு விலாசம் கொடுத்தார்.

மாடியில் ஒரு சின்ன அறை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவராம், கைரோபிராக்டர் என்று போர்டு போட்டிருந்தார். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, கையால் எலும்பையும் தசையையும் பார்த்து வைத்தியம் செய்கிறவர். அவர் முதல் நாள் இவர் கழுத்தைத் தொடவே இல்லை. படத்தைப் பார்த்தார். இரண்டு விரலை நீட்டி இவரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். எனக்குக் கொய்யா மரம் ஞாபகம் வந்தது.

அவர் சொன்னதை இவர் மெஷின் பாஷையில் புரிந்துகொண்டார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் வாஷர் மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. கழுத்து ஆடுகிற இடம், அதனால் அங்கே தட்டு பிதுங்குவது சகஜம். முதுகை விலா எலும்பு பிடித்து வைத்திருக்கிறது, அங்கே அவ்வளவு ஆட்டம் இல்லை. இரண்டும் சேருகிற இடத்தில் பிதுங்குவது மிகவும் அபூர்வம். பிதுங்கினால் சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பை நசுக்கும், பிடி தளரும்.

"அந்த இடத்தை யாராவது சொடுக்கினாங்களா, மிதிச்சாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றோம்.

"நல்லவேளை. கையில பலம் கொறஞ்ச நேரத்துல அங்க ஒரு மிதி விழுந்திருந்தா, கை மட்டும் இல்ல, காலும் சேர்ந்து போயிருக்கலாம்." படத்தை உறையில் போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "ஆனா நீங்க கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் நான் இன்றுவரை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

தாம்பரத்துக்காரர் மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்தார். முகத்தைப் புதைக்க ஓட்டை வைத்த ஒரு மேஜையில் குப்புறப் படுக்கவைத்து, அந்த இடத்தை விட்டுவிட்டு அதற்கு மேலேயும் கீழேயும் மெல்ல மெல்ல இளக்கினார். பிடி இன்னும் தளர்ந்தால் நானே உங்களை ஆபரேஷனுக்கு அனுப்பிவிடுவேன் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறி, கைக்குழந்தையோடு நானும் போனேன். வலி போயிற்று. மோதிர விரலுக்கு உணர்ச்சி வந்தது. சுண்டுவிரலுக்கு வரவில்லை. இவரை லேத்திலிருந்து எடுத்து டூல் ஸ்டோரில் போட்டார்கள். மற்றவர்கள் ஓட்டுகிற மெஷினுக்கு இவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறார்.

அத்தை மிதித்திருந்தால் இவருக்குக் கையும் காலும் போயிருக்கும். அத்தை எல்லோர் முன்னாலும் அப்படி அசிங்கப்படுத்தாமல் இருந்திருந்தால் இவர் முன்னாடியே டாக்டரிடம் போயிருப்பார், விரல் தப்பியிருக்கும். பிடி தளர்ந்திருப்பதை அவர் கட்டைவிரல் கண்டுபிடித்ததா? கண்டுபிடித்திருந்தால், 'டேய், இது என் கால் சமாச்சாரம் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போ' என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவர் போ என்றார். எங்கே போவது என்று சொல்லவில்லை.

அவரை நான் மன்னிக்கவில்லை. கோயிலுக்குப் போனால் மகளுக்கும் இவருக்கும் வேண்டிக்கொண்ட பிறகு, கடைசியாக இன்னொன்றும் கேட்பேன். அவருக்குக் கெடுதல் வர வேண்டும் என்று கேட்கமாட்டேன். இவர் பட்டது என்னவென்று தெரிந்துகொள்ளட்டும் என்று மட்டும் கேட்பேன். இரண்டும் ஒன்றுதான் என்று திரும்பி வரும் வழியில் தோன்றும். தலையில் புல்லுக்கட்டோடு அவர் தெருவில் போனால், அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

என் மகளும் கால் முன்னால்தான் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்ன அடுத்த நிமிஷமே பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் மணிக்கட்டை நீட்டி, குழந்தையின் காலை ஒரு தடவை வைக்கச் சொன்னாள். அத்தையும் பார்க்க வந்தார். இவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையின் உள்ளங்காலைத் தன் கட்டைவிரலால் தடவி, "எனக்குப் போட்டியா ஒருத்தி வந்துட்டாளா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அவருடைய நிலமும் கம்பெனிக்குப் போயிற்று. தம்பி வீட்டோடு இருக்க சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போய்விட்டார். கொய்யா மரம் இருந்த இடத்தில் இப்போது காம்பவுண்டு சுவர் இருக்கிறது.

அவர் போனதும் ஊர் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. கழுத்து, இடுப்பு, கணுக்கால். குழந்தையின் காலை ஒரு தடவை வைத்தால் போதும் என்பார்கள். எனக்குக் கிருமி பயம், கண் திருஷ்டி பயம், முடியாது என்று சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அதனால் இந்த வெயிலிலும் மகளுக்குச் சாக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். தெருவில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். சாக்ஸோடுதான் வைப்பேன், பட்டும் படாமலும்தான் வைப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது அவளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. யார் வந்தாலும் அவளே உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிவிடுகிறாள்.

போன வாரம் அத்தை வந்தார்.

வாசலில் நின்றவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தார். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இவர் எத்தனையோ மாதம் அப்படித்தான் நின்றார். தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். சொம்பை இடது கையால் வாங்கினார்.

என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மகளைப் பார்த்து, "இன்னாடி கண்ணு, அம்மாச்சி கயுத்துல ஒரு மிதி மிதிக்கிறியா?" என்றார். அவள் பொத்தென்று தரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள்.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல், என் இரண்டு விரலை நீட்டினேன். "புடிங்க அத்தை. அழுத்திப் பிடிங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு பிடித்தார். எத்தனை கழுத்தை நிமிர்த்திய ஆள். ஈரத் துணியைச் சுற்றினது மாதிரி இருந்தது அந்தப் பிடி. சுண்டுவிரல் என் விரலைத் தொடவே இல்லை.

நான் மகளிடமிருந்து சாக்ஸைப் பிடுங்கி மறுபடியும் மாட்டினேன். அவள் அழுதாள்.

"யோசிச்சுச் சொல்றேங்க அத்தை" என்றேன்.

அவர் மெதுவாக எழுந்தார். படி இறங்கியதும் நின்று, உடம்போடு திரும்பினார். "நல்லா யோசி. அன்னிக்கி நான் யோசிக்கல" என்றார்.

வஞ்சத்தால் யோசிக்காமல் செய்தேன் என்கிறாரா, யோசிக்கத் தேவையில்லாமல் தெரிந்துவிட்டது என்கிறாரா? கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இவர் வந்ததும் சொன்னேன். கையைப் பிடித்துப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். பார்த்தேன், உங்களுடையது மாதிரிதான் இருந்தது என்றேன். இவர் டிபன் பாக்ஸைக் கழுவப் போனார். அதே எவர்சில்வர் டிபன் பாக்ஸ். சுண்டுவிரல் மட்டும் விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தாம்பரத்து மாடியறை இன்னும் இருக்கிறது. அத்தையின் தம்பி வீட்டிலிருந்து ரயிலேறினால் அதிக நேரமாகாது. என் மகளின் காலை அந்தக் கழுத்தில் வைக்க விடமாட்டேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அது சரி என்று தாம்பரத்து டாக்டரே சொல்லுவார். ஆனால் அந்த விலாசத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் படியில் நின்றபோது அது என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குக் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ.

வரும் ஞாயிறு மறுபடியும் வருவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெறும் வயிற்றோடு வருவாராம்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் அனுபவசாலிகள் இருப்பீர்கள். நான் என்ன செய்ய வேண்டும்? முதலில் அன்றைக்கு நடந்தது என்ன என்று அவர் வாயால் சொல்லட்டும், பிறகு விலாசம் சொல்கிறேன் என்று நான் கேட்கலாமா? அப்படிக் கேட்பதும் இவரைக் குப்புறப் படுக்க வைத்து ஒப்பிக்கச் சொன்னதும் ஒன்றுதானா? நீங்கள் எழுதி, அது எனக்கு வந்து சேர எத்தனை வாரமாகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை அத்தையின் சுண்டுவிரல் காத்திருக்காது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உங்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, அது ஏன் என்று மட்டுமாவது யாராவது எனக்குச் சொல்லுங்கள்.